இரண்டு வரிசை, ஒரு கதவு

செம்பூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் மாடிப்படியில் ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தார். உல்லாஸ்நகரிலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து வந்தவர். காலையிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, ஸ்கேன் எடுக்காமலே திரும்பிப் போகிறார். படிக்கட்டின் திருப்பத்தில் அவரை ஒரு பெண்மணி நிறுத்தி, இந்தியில் நிதானமாகச் சொன்னார்: “உங்களுக்கு இன்று ஸ்கேன் கிடைக்காததற்குக் காரணம் கூட்டமில்லை. பத்தே கால் மணிக்கு வரிசையில் இல்லாத ஒருவர் உள்ளே போனார். அவருக்கான நேரத்தை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள்.”

பெரியவர் அவரைப் பார்த்தார். பிறகு கைத்தடியை ஊன்றி மறுபடி மாடி ஏறினார், என்னிடம் சண்டை போட.

நான் அதிர்ந்துபோனேன். ஏனென்றால் பத்தே கால் மணிக்கு அந்த ஆளை உள்ளே அனுப்பியவன் நான்.

அப்போது நான் சோனோகிராபி அறை வாசலில் கிளார்க்காக இருந்தேன். ஒரே அறை, ஒரே மெஷின், ஒரே டாக்டர். கதவுக்கு இடப்பக்கம் வார்டு நோயாளிகள், வீல்சேரிலும் ஸ்ட்ரெச்சரிலும், மடியில் மஞ்சள் ஃபைலோடு. வலப்பக்கம் வெளியிலிருந்து வருகிறவர்கள், கையில் நம்பர் எழுதிய டோக்கனோடு. இரண்டு வரிசைக்கும் நடுவில் என் மேஜை. யாரைக் கூப்பிடுவது என்பது என் கையில் இருந்தது. தாராவியில் பிறந்து வளர்ந்த எனக்கு ஒரு கதவுக்குச் சொந்தக்காரனாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால்தான் புரியும். எங்கள் சந்தில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். யார் வீட்டில் வயிற்று வலி வந்தாலும் என் அம்மாவிடம்தான் முதலில் வருவார்கள்.

அந்த வாசலுக்குத்தான் சூப்பிரண்டின் அனுமதிக் கடிதத்தோடு அந்தப் படிக்கட்டுப் பெண்மணி வந்து சேர்ந்தார். மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறவர், டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார் என்று கடிதத்தில் இருந்தது. நாற்பது வயதிருக்கும், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். ஒரு மடக்கு ஸ்டூல், ஒரு நீள நோட்டு, இரண்டு ஸ்டாப்வாட்ச். ஒன்று இடப்பக்க வரிசைக்கு, மற்றது வலப்பக்க வரிசைக்கு. எங்கள் ஆயா அவருக்கு அன்றைக்கே ‘கடிவாலி’ என்று பெயர் வைத்துவிட்டாள். கடி என்றால் இந்தியில் கடிகாரம். பெஞ்சில் இருந்த தமிழ் ஆட்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை.

நான் அவரை விஜிலென்ஸ் ஆள் என்றுதான் முதலில் நினைத்தேன். முதல் நாள் பத்தரை மணிக்கு என் மேஜைப் பக்கம் வந்து, “இன்னிக்கு கடைசி நாலு பேரைப் பார்க்க முடியாது. அவாளை இப்பவே அனுப்பிடலாமே, பாவம்” என்றார்.

“நாலு மணிக்கு நடக்கப்போறத பத்தரைக்கே எப்படி மேடம் சொல்லுதீங்க?”

“கூட்டல்தான். வேற ஒண்ணுமில்லை.”

நான் ஆயாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். நாலு மணிக்கு டாக்டர் கையுறையைக் கழற்றியபோது பெஞ்சில் நாலு பேர் மிச்சம் இருந்தார்கள். மூன்றோ ஐந்தோ இல்லை, நாலு. ஆயா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

தினமும் நாலு மணிக்கு மேல் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டுப் படிக்கட்டில் போய் நிற்பார். ஸ்கேன் கிடைக்காமல் திரும்புகிறவர்களில் யாருடைய முறை பறிபோனதோ அவர்களை மட்டும் நிறுத்திச் சொல்வார். உல்லாஸ்நகர் பெரியவருக்குச் சொன்னதும் அப்படித்தான். அன்று பெரியவர் என் சட்டையைப் பிடிக்காத குறைதான். அவர் போன பிறகு நேராக மேடத்திடம் போனேன்.

“உங்களுக்கு எதுக்கு மேடம் இந்த வேலை? எம் பொழப்பக் கெடுக்கணும்னே வந்தீங்களா?”

“உங்க பேரை நான் சொல்லலையே. என் நோட்டிலயும் இல்லை, பாருங்கோ.” விரித்துக் காட்டினார். உண்மைதான். உள்ளே போனவர் பெயரோ அனுப்பிய என் பெயரோ அதில் இல்லை. நேரம், நிமிடக் கணக்கு, யார் முறை போனதோ அவருடைய டோக்கன் நம்பர், ஒரு போன் நம்பர். அவ்வளவுதான். “வாங்கிண்டவா யாருன்னு உங்களுக்குத் தெரியும், அவாளுக்கும் தெரியும். குடுத்தவாளைத்தான் யாருக்கும் தெரியலை. குடுத்தவாளுக்கே தெரியலை. தன் அதிர்ஷ்டம்னு நினைச்சுண்டு போறா. அது அதிர்ஷ்டம் இல்லையே.”

இப்படி ஒரு மனுஷியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எரிச்சலாக இருந்தது. ராத்திரி படுத்தால் அந்தப் பெரியவர் மறுபடி மாடி ஏறினது கண்ணுக்குள் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ் சர்க்கிளில் ஒரு இட்லிக் கடை வாசலில் அவரையும் அவர் அம்மாவையும் பார்த்தேன். அங்கேயும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வரிசை, பார்சலுக்கு ஒரு வரிசை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆள் கவுண்டரில். கடைக்காரர் அவர்கள் குடும்பத்துக்கு ரொம்ப நாள் பழக்கம் போல. “மாமி, நீங்க எதுக்கு நிக்கறேள், உள்ள வாங்கோ” என்று கூப்பிட்டார். மேடம் எல்லோருக்கும் கேட்கிற குரலில், “வேண்டாம். அந்தப் பச்சைச் சட்டைக்காரர் எட்டு நிமிஷமா நிக்கறார். அவரைக் கூப்பிடுங்கோ” என்றார். பச்சைச் சட்டைக்காரர் கூச்சப்பட்டு வரிசையை விட்டே விலகிப் போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்து, “இவளோட வெளியில வந்தா சாப்பாடு கிடையாது, பேச்சுதான்” என்றார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அன்று நின்றுகொண்டே அவரிடம் கேட்டேன், இத்தனை எழுதி என்னதான் கண்டுபிடிக்கப்போகிறீர்கள் என்று. பார்சல் காகிதம் ஒன்றை வாங்கி அதன் பின்புறம் இரண்டு கோடும் ஒரு வட்டமும் போட்டார்.

“ரெண்டு வரிசை, வேலை செய்யறது ஒருத்தர். யாரை முதல்ல கூப்பிட்டாலும் சரி, அவர் சும்மா நிக்காம வேலை செஞ்சுண்டே இருந்தா, எல்லாருக்கும் ஆகற நேரமும் ஏறத்தாழ ஒண்ணா இருந்தா, மொத்தக் காத்திருப்பு மாறவே மாறாது. நீங்க ஒருத்தருக்குப் பத்து நிமிஷம் குறைச்சா அது காணாமப் போகாது. பின்னாடி இருக்கறவா தலையில ஏறும். இது நான் சொல்றதில்லை, நிரூபிச்சது.”

“அப்ப நல்லது பண்ணவே முடியாதா?”

“ஒரு இடத்தில முடியும். ஒரு வரிசையை விட்டு இன்னொரு வரிசைக்கு மாறறச்ச ஒரு நேரம் போறதில்லையா? உங்க ரூம்ல ஸ்ட்ரெச்சரை வெளிய தள்ளி, விரிப்பை மாத்தி, ஃபைலைத் தேடி… அந்த அஞ்சு நிமிஷம் யாருக்கும் உபயோகமில்லை. ஒருத்தர் வார்டு, ஒருத்தர் வெளின்னு மாத்தி மாத்திக் கூப்பிட்டா நாள் பூரா அதுலயே போயிடும். ரொம்ப நேரம் ஒரே பக்கம் கூப்பிட்டா மறுபக்கம் காத்திருக்கறவா செத்தா. எத்தனைக்கு ஒரு தரம் மாறணும்? அதுதான் என் கணக்கு.”

மறுநாள் நான் சும்மா செய்து பார்த்தேன். வார்டில் நாலு பேர், பிறகு வெளியே நாலு பேர். அன்று வழக்கத்தைவிட மூன்று பேர் கூடுதலாக உள்ளே போய் வந்தார்கள். டாக்டரே, “இன்று என்ன ஆயிற்று?” என்று கேட்டார். பாராட்டுவார் என்று மேடத்தைப் பார்த்தேன். அவர் முகம் சிவந்திருந்தது. “கூப்பிடற விதியை மாத்திட்டேளே! ரெண்டு மாச நோட்டு வீணாப் போச்சே! புதுசா ஆரம்பிக்கணும்” என்றார். ஆனால் அதற்கப்புறம் எனக்கும் சேர்த்து ஃபிளாஸ்கில் காபி வந்தது.

அதனால் நான் அவரை முழுக்க நல்லவராக நினைத்துவிட்டேன் என்று இல்லை. ஒரு நாள் வலப்பக்கப் பெஞ்சில் ஒரு அம்மா மயங்கி விழுந்தாள். ஆயா ஓடினாள், நான் ஓடினேன். மேடம் மூன்றடி தூரத்தில் இருந்தார். எழுந்திருக்கவில்லை. ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், எழுதினார். அந்த அம்மாவுக்கு நினைவு திரும்பிய பிறகு ஆயா, “நீங்கள் எல்லாம் பெண்தானா?” என்று மராத்தியில் கத்தி அழுதாள். மேடம் என்னிடம் சொன்னார்: “நான் எழுந்தா நான் பார்க்கறது வேற ஒண்ணா ஆயிடும். பார்க்கறவா தொடக்கூடாது. அதுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தது.” குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அன்று அவர் கொடுத்த காபியை நான் குடிக்கவில்லை.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.

என் தங்கைக்கு அப்போது ஐந்தாம் மாசம். வழக்கமான ஸ்கேன், அவசரம் ஒன்றுமில்லை. அன்றைய கடைசி டோக்கன், இருபத்து நாலாம் நம்பரை வாங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தவள் பதினொன்றரைக்கு என் மேஜைக்கு வந்தாள்.

“எண்ணே, நாலு மணி மட்டும் இருக்க முடியாதுண்ணே. இடுப்பு விட்டுப் போவுது. ஒன் கையிலதான இருக்கு?”

என் கையில்தான் இருந்தது. அவள் காகிதத்தை வார்டு நோயாளிகளின் மஞ்சள் ஃபைல்களுக்கு நடுவில் சொருகினேன். அடுத்தது அவள். பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வந்து, “பிள்ள கைய ஆட்டுதுண்ணே!” என்று சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பன்னிரண்டு நிமிடம்தானே.

நாலு மணிக்கு டாக்டர் மெஷினை அணைத்தார். பெஞ்சில் ஒரே ஒரு பெண் மிச்சம் இருந்தாள். இருபத்து மூன்றாம் நம்பர். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். தலையில் துப்பட்டா, ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தாள். சீட்டில் ‘வயிற்று வலி’ என்று மட்டும் எழுதியிருந்தது. அவசரம் என்று யாரும் எழுதவில்லை. “நாளைக்கு வாங்க” என்றேன். “சரிங்கண்ணே, வாறேன்” என்று தமிழில் சொல்லிவிட்டு எழுந்து போனாள். படிக்கட்டில் மேடம் அவளிடம் ஏதோ சொல்வதைப் பார்த்தேன். அவள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினாள்.

புதன்கிழமை அவள் வரவில்லை. வியாழனும் வரவில்லை. எனக்கு அது நினைவிலேயே இல்லை. வெள்ளிக்கிழமை காலை மேடம் ஸ்டூலை விரிக்காமல் என் மேஜை முன்னால் நின்றார்.

“செவ்வாய்க்கிழமை இருபத்து மூணு. போன் பண்ணினேன். அவ புருஷன் எடுத்தார். கரு கர்ப்பப்பைக்குப் போகாம குழாய்லயே தங்கியிருக்கு. அன்னிக்கு ராத்திரியே வெடிச்சுடுத்து. வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு ஓடியிருக்கா. ஆபரேஷன். உயிர் பிழைச்சுட்டா. ஒரு பக்கக் குழாயை எடுத்தாச்சு. அன்னிக்கு மெஷின்ல பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

கையில் இருந்த டோக்கன் கட்டு கீழே விழுந்து சிதறியது. ஆயா குனிந்து பொறுக்கினாள்.

“ஞாயித்துக்கிழமை தேவ்நார்ல அவாத்துக்குப் போறேன்,” என்றார் மேடம். வா என்று சொல்லவில்லை. “ரெண்டு மணிக்கு ஸ்டேஷன் வாசல்ல இருப்பேன்.”

போகாமல் இருந்துவிடலாம் என்று ஞாயிறு மத்தியானம் வரை நினைத்தேன். ஒன்றே முக்காலுக்கு ஸ்டேஷன் வாசலில் நின்றேன்.

கீழே தோல் வெட்டுகிற பட்டறை, மேலே தகரக் கூரை போட்ட ஒரு அறை. அவள் கணவர் பைகளுக்குத் தோல் வெட்டுகிறவர், கடையநல்லூர்க்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து நலம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எங்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டார். “ஏறி வாங்க அண்ணாச்சி, தலை பாத்து… இரிங்க. நம்ம ஊருப் பக்கமா நீங்க? பேச்சுலயே தெரியுது.” கீழே கடைக்குச் சொல்லி டீ வந்தது. சுவர் ஓரக் கட்டிலில் அவள் படுத்திருந்தாள். முகம் வெளுத்து, செவ்வாய்க்கிழமை பார்த்தவளே இல்லை போலிருந்தாள். “வாங்கக்கா” என்று மேடத்தைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

மேடம் பேசுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் டீக் கிளாசைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, சொல்ல வேண்டியவன் நான் என்று.

எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. தங்கச்சி, மஞ்சள் ஃபைல், பன்னிரண்டு நிமிஷம், நான்தான், நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னது நினைவிருக்கிறது.

அவள் கணவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ, “டீயக் குடிச்சிருங்க அண்ணாச்சி, ஆறிரும்” என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், மேடத்தைப் பார்த்துச் சொன்னார்.

“இத ஏம்மா எங்கிட்ட வந்து சொல்லுதீங்க? நாலு நாளா, அல்லாஹ் நமக்கு இப்படி எழுதிட்டான்னு நெனச்சிக்கிட்டு, அதுல ஒரு மாதிரி மனச ஆத்திக்கிட்டு இருந்தேன். இனிமே அப்படி நெனக்க முடியாதுல்லா? இனிமே இவரு மொகந்தான வரும்?”

மேடம் டீக் கிளாசைக் குடிக்காமலே தரையில் வைத்தார்.

கட்டிலிலிருந்து அந்தப் பெண் கேட்டாள்: “ஒங்க தங்கச்சிக்கு எத்தன மாசம்?”

“அஞ்சு.”

“பிள்ள நல்லாருக்கா?”

“நல்லாருக்கு.”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் கொதித்தது. இரண்டு பஸ் வந்து போயின. நாங்கள் ஏறவில்லை. மேடம் திடீரென்று, “பதினொண்ணு நாற்பத்திரண்டு” என்றார்.

“என்னது மேடம்?”

“உங்க தங்கை உள்ள போன நேரம். நான் பார்த்தேன். மஞ்சள் ஃபைல் நடுவுல நீங்க வெச்சதையும் பார்த்தேன். கூட்டம் குறைச்சலா இருந்தா நடுவுல எங்கேயாவது மெஷின் சும்மா இருக்கும், அதுல அந்தப் பன்னிரண்டு நிமிஷம் கரைஞ்சு போயிடும். அன்னிக்கு அப்படி ஒரு இடைவெளியே இல்லை. நேரா கடைசி ஆள் மேல போய் விழும்னு அப்பவே போட்டுட்டேன். பன்னிரண்டு மணிக்கு முன்னாடி நோட்டில எழுதியாச்சு. இருபத்து மூணுன்னு.”

மத்தியானம் பூராவும், அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். இவர் நோட்டில் அவள் நம்பர் இருந்திருக்கிறது.

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

“தெரிஞ்சுதான்.” அவர் உதடு கோணியது. “ஒரு வார்த்தை உங்ககிட்ட சொல்லியிருந்தா போறும். நாலு மணி நேரம் கையில வெச்சுண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் படிக்கட்டுல நிறுத்தி, உன் முறை போயிடுத்துன்னு அவகிட்டயே சொன்னேன். அவ என்னைப் பார்த்துச் சிரிச்சா.”

அடுத்த பஸ்ஸில் அவர் ஏறிப் போனார். நான் வீடு வரை நடந்தேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு சூப்பிரண்டு அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. ஒரு பெரிய இடத்து ஆளின் உறவினர் வருகிறார், உடனே அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இனி யாரையும் நடுவில் விடுவதில்லை என்று எனக்குள் சத்தியம் செய்திருந்தேன். போனில், “சரி சார்” என்றுதான் என் வாயில் வந்தது. வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்தார். நான் கதவில் கை வைத்தேன்.

மேடம் நோட்டை மூடிவிட்டு எழுந்தார்.

“பதினெட்டாம் நம்பர் யாரு?” முதலில் இந்தியில், பிறகு மராத்தியில், பிறகு தமிழில். வராந்தா முழுக்கக் கேட்டது. “எழுந்திருங்கோ! இன்னிக்கு அஞ்சு மணி நேரம் கழிச்சு உங்களைத் திருப்பி அனுப்பப்போறா. அது இப்போ, இந்த நிமிஷம் நடக்கறது. உள்ள போறாரே, அவர் எடுத்துண்டு போறது உங்க முறை!”

அந்தக் குரல் அவரிடமிருந்து வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு அம்மா எழுந்தாள். பிறகு பெஞ்சே எழுந்தது. கதவை மறித்துக்கொண்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் போனை எடுத்தார். வார்டு பக்கம் ஒரு ஸ்ட்ரெச்சர் சுவரில் மோதியது. டாக்டர் உள்ளிருந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். சூப்பிரண்டு இரண்டு காவலாளிகளோடு வந்தபோது அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது.

“உங்களுக்குப் பார்க்கத்தானே அனுமதி கொடுத்தேன்?” என்று மேடத்திடம் கேட்டார்.

“பார்த்ததைத்தான் சொல்றேன்.”

சூப்பிரண்டு என் பக்கம் திரும்பினார். போன் அவர் அறையிலிருந்துதான் வந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “இங்கே இந்த மாதிரி வரிசை மாற்றி அனுப்புவதெல்லாம் நடக்கிறதா?”

நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள். மேடம் பார்த்தார். தேவ்நாரில் அந்த மனிதர் முன்னால் வாய் திறந்து சொன்னவன்தான் நான்.

“இல்ல சார்,” என்றேன்.

மேடம் என் மேல் கோபப்படவில்லை. ஒன்றைப் பார்த்து முடித்த மாதிரி கண்ணை எடுத்துக்கொண்டார். காவலாளிகள் அவரைக் கீழே அழைத்துப் போனார்கள்.

அதற்குப் பிறகு வரிசை மறுபடி ஓட ஆரம்பித்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. நாலு மணிக்குப் பெஞ்சில் ஆறு பேர் மிச்சம். டாக்டர் கையுறையைக் கழற்றினார். அவர் தானேயிலிருந்து வருகிற மராத்திக்காரப் பெண்மணி, நாலு இருபது ரயிலை ஒருநாளும் விட்டதில்லை. நான் வெளியே போய், “நாளைக்கு வாங்க” என்று சொல்ல வேண்டும். தினமும் சொல்வதுதான். வாய் வரவில்லை. ஆறு பேரில் எவர் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

திரும்ப அறைக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தங்கையை, இருபத்து மூன்றாம் நம்பரை, தேவ்நாரை, இன்று சொன்ன பொய்யை. அவர் கைப்பை தோளில் இருந்தபடியே நின்று கேட்டார். “அந்தப் பெண்ணா? கடைசியாக உட்கார்ந்திருந்தாளே, நான் பார்த்துக்கொண்டேதானே மெஷினை அணைத்தேன்?” என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு பையைக் கீழே வைத்தார்.

“புலாவ்,” என்றார் இந்தியில். கூப்பிடு என்று அர்த்தம்.

இதற்கு அப்புறம் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் நடந்ததையெல்லாம் நானே எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. கீழ்த்தளத்தில் பழைய ஃபைல்கள் வைக்கிற அறைக்கு மாற்றினார்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். சோனோகிராபி வாசலில் இப்போது நம்பர் தானாக எரிகிற பலகை இருக்கிறது. பலகைக்குக் கீழே யாருக்கோ இன்னமும் போன் வரத்தான் செய்யும். மேடத்தின் கல்லூரிக்கு இரண்டு தரம் போனேன். வேலையை விட்டுவிட்டார் என்றார்கள், பட்டம் வாங்கினாரா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவருடைய போன் அணைந்தே இருந்தது. தேவ்நாருக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று ஆறு பேரையும் பார்த்து முடிக்க ஐந்தரை மணி ஆயிற்று. கடைசியாகப் போனவர் ஒரு டாக்ஸிக்காரர். டாக்டர் ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். டாக்ஸிக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டே, ஒன்றுமில்லாததற்கா இத்தனை நேரம் உட்கார வைத்தீர்கள் என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

நான் படிக்கட்டில் ஓடினேன். மேடம் கேட்டில் இருப்பார் என்று ஏன் தோன்றியதோ. அங்கே வாட்ச்மேன் மட்டும் இருந்தான்.

“கடிவாலி எப்போது போனார்?”

“இப்போதுதான். ஐந்து நிமிஷம் இருக்கும்,” என்றான். “உள்ளே விடக்கூடாது என்று எனக்கு ஆர்டர். அதனால் கேட்டுக்கு வெளியே நின்றார். நாலு மணிக்கு மேல் ஸ்கேன் கிடைக்காமல் ஆறு பேர் இறங்கி வருவார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். என்ன வார்த்தை என்று கேட்டேன். ‘இன்றைக்கு உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டது நான்’ என்று சொல்ல வேண்டுமாம். பைத்தியமா?”

“அப்புறம்?”

“அப்படி யாரும் வரவில்லை. ஒவ்வொருவராக இறங்கி வந்தவர்கள் கையில் ரிப்போர்ட் இருந்தது. நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று. மாடி ஜன்னலில் உங்கள் அறை லைட் எரிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போய்விட்டார்.”

ரோடு வரை ஓடிப் பார்த்தேன். ஸ்டேஷன் பக்கம் போகிற கூட்டம் முழுதும் முதுகாகத் தெரிந்தது. அதில் அவர் முதுகு எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.